சுற்ற மறுக்கும் வெப்பக்காற்று எஞ்சின்: காயலான் கடைப் பொருள்களில் செய்ததைக் குறிவைத்துச் சரிபார்க்கும் முறை

இங்கே பேசப்படுவது ஸ்டெர்லிங் வகைச் சிறு எஞ்சின். 1816-இல் ராபர்ட் ஸ்டெர்லிங் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில் கொதிகலனும் இல்லை, வால்வும் இல்லை; அடைத்து வைத்த காற்றை ஒரு முனையில் சூடாக்கி மறு முனையில் ஆற்றினால், அது விரிந்து சுருங்கும் வேகத்தில் சக்கரம் சுற்றுகிறது. நீராவி எஞ்சினைப் போல அழுத்தம் தாங்கும் பாத்திரம் தேவைப்படாததால், வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்வதற்கு இதைவிடப் பாதுகாப்பான எஞ்சின் கிடையாது. ஆனால் இதில் பிறக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பதால், சிறு கசிவும் சிறு உராய்வும் இதை நிறுத்திவிடும்.

கடலூரின் காயலான் கடைகளிலும், புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும் கிடைக்கும் பழைய பொருள்களைக் கொண்டே முழு எஞ்சினையும் கட்டிவிடலாம். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்: பழைய பொருள் ஒவ்வொன்றும் முன்பு வேறு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது, அந்த வேலைக்குப் பொருத்தமான குணங்களை அது இன்னும் விடவில்லை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய குணங்களிலிருந்தே கிளம்புகின்றன.

அளவுகளை ஒரு மாதிரியாக வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மில்லிமீட்டரும் நீளம் 150 மில்லிமீட்டரும் உள்ள போரோசிலிகேட் சோதனைக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். அதற்குள் 20.5 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட டிஸ்ப்ளேசர், அதாவது காற்றைச் சூட்டு முனைக்கும் குளிர் முனைக்கும் மாற்றி மாற்றித் தள்ளும் உருளை, 12 மில்லிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் போய்வருகிறது. பிஸ்டனாக வேலை செய்வது 10 மில்லி கண்ணாடி சிரிஞ்சு. அதன் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர், ஓட்டம், அதாவது தண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகரும் தூரம், 10 மில்லிமீட்டர். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி டிஸ்ப்ளேசரின் தண்டாகவும், ரேடியோ ஏரியலின் பித்தளைக் குழாய் அதற்கு வழிகாட்டும் புஷ்ஷாகவும், கணினி ஹார்டு டிஸ்க்கின் தட்டுகள் ஃப்ளைவீலாகவும், அதாவது சுழல் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் சக்கரமாகவும், அமைகின்றன. உங்கள் அளவுகள் வேறாக இருந்தாலும் விகிதங்கள் இதையொட்டி இருக்கட்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

எஞ்சின் ஓடவில்லை என்றவுடன் திருப்புளியை எடுப்பது கெட்ட பழக்கம். கோளாறு காற்றிலா, உராய்விலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கான சோதனை எளிது. சிரிஞ்சின் தண்டைக் கிராங்கோடு, அதாவது முன்னும் பின்னுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கையோடு, இணைக்கும் கனெக்டிங் ராடை மட்டும் கிராங்கிலிருந்து விடுவித்து, விளக்கை ஏற்றி ஓரிரு நிமிடம் சூடாக விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டிஸ்ப்ளேசர் குளிர் முனைக்கு வரும்போது சிரிஞ்சின் தண்டு தானாக வெளியே வர வேண்டும். சூட்டு முனைக்குப் போகும்போது உள்ளே இழுபட வேண்டும். கிராங்க் கேட்கும் 10 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ தண்டு நகர்ந்தால் வெப்பமும் காற்றும் தம் வேலையைச் செய்கின்றன, பழி உராய்வின் மேல். ஓரிரண்டு மில்லிமீட்டரே அசைந்தாலோ அசையவே இல்லை என்றாலோ கசிவையும், காற்று சும்மா கிடக்கும் வீண் இடத்தையும், வெப்ப வேறுபாட்டின் குறைவையும் தேட வேண்டும்.

சிரிஞ்சுத் தண்டு அசையவே இல்லை

பெரும்பாலும் கசிவுதான். சிரிஞ்சைத் தனியே கழற்றி, முனையை விரலால் இறுக மூடிக்கொண்டு தண்டைச் சற்று இழுத்து விட்டால் அது துள்ளித் திரும்ப வேண்டும். பிறகு முனையைத் திறந்து செங்குத்தாகப் பிடித்தால், தண்டு தன் எடையாலேயே தடையின்றி வழுக்கி இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அந்தச் சிரிஞ்சு எஞ்சினுக்கு ஆகும். முதல் சோதனையில் தோற்றால் கசிவு, இரண்டாவதில் தோற்றால் அழுக்கு.

பழைய கண்ணாடி சிரிஞ்சு பலவற்றில் குழலிலும் தண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பதால் அவை ஜோடி மாறக் கூடாது. சந்தையில் குவியலாகக் கொட்டி வைத்திருக்கும்போது ஒன்றின் குழலும் மற்றொன்றின் தண்டும் சேர்ந்துவிடுவது சாதாரணம். வாங்கும் இடத்திலேயே எண்ணைப் பார்த்துவிடுங்கள். ரப்பர் முனை கொண்ட பிளாஸ்டிக் சிரிஞ்சு எவ்வளவு வழுக்கினாலும் பயன்படாது, ரப்பரின் உராய்வு இந்த எஞ்சினின் முழு ஆற்றலையும் தின்றுவிடும். மருத்துவமனைக் கழிவிலிருந்து வந்ததாகச் சிறு ஐயம் இருந்தாலும் அந்தப் பொருளைத் தொடவே வேண்டாம்.

சிரிஞ்சு நன்றாக இருந்தால், அடுத்துச் சோதனைக் குழாயை அடைக்கும் மூடியையும், டிஸ்ப்ளேசர் தண்டு நுழையும் புஷ்ஷையும் பாருங்கள். சோப்பு நுரையை மூட்டுகளில் தடவி, சிரிஞ்சை அழுத்திப் பிடித்தால் குமிழி கசிவைக் காட்டிக்கொடுக்கும். புஷ்ஷைச் சுற்றி மட்டும் சிறு கசிவு எப்போதும் இருக்கும். அதை முழுக்க அடைக்க முயன்றால் தண்டு இறுகிவிடும். 2 மில்லிமீட்டர் ஸ்போக்ஸ் கம்பிக்கு நீண்ட புஷ் போடுவதே சரியான வழி. 25 மில்லிமீட்டர் நீளமுள்ள புஷ்ஷில் தண்டு தளர்வாக ஓடினாலும் காற்று அவ்வளவு தூரம் ஊர்ந்து வெளியேறுவதற்குள் சக்கரம் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் குழாய்க் கசிவுக்குப் பயன்படுத்தும் எபாக்சி பசை குளிர் முனைக்கு மட்டுமே ஏற்றது. சூடு ஏறும் பக்கத்தில் வாகன மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சிவப்பு சிலிக்கான் கேஸ்கட் பேஸ்டைத் தடவி, ஒரு முழு நாள் காய விட வேண்டும்.

தண்டு அசைகிறது, ஆனால் போதாது

கசிவு இல்லை என்று உறுதியான பின்பும் தண்டு நான்கைந்து மில்லிமீட்டரோடு நின்றுவிட்டால், காரணம் வீண் இடம். சூடாகவும் ஆறவும் வாய்ப்பில்லாமல் குழாயிலும் மூலைகளிலும் சும்மா கிடக்கும் காற்று, அழுத்த மாற்றத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது சோதனைக் குழாயையும் சிரிஞ்சையும் இணைக்கும் ரப்பர் குழாயை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 5 மில்லிமீட்டர் துளையுள்ள 20 சென்டிமீட்டர் குழாய்க்குள் ஏறக்குறைய 4 கனசென்டிமீட்டர் காற்று அடங்கும். டிஸ்ப்ளேசர் ஒரு ஓட்டத்தில் இடம் மாற்றுவதே 4.5 கனசென்டிமீட்டர்தான். அதற்குப் பதில் சலைன் ஏற்றும் 3 மில்லிமீட்டர் துளைக் குழாயை 10 சென்டிமீட்டராக வெட்டிப் போட்டால் அது 0.7 ஆகக் குறைந்துவிடுகிறது.

வீண் இடத்தை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே விடலாம். டிஸ்ப்ளேசரைச் சூட்டு முனையில் நிறுத்தி, இணைப்புக் குழாய் வழியாகச் சிரிஞ்சால் தண்ணீரை அளந்து செலுத்தி நிரப்புங்கள். மேலே சொன்ன அளவுகளில் மொத்தம் 9 கனசென்டிமீட்டரையொட்டி வர வேண்டும்: டிஸ்ப்ளேசரின் ஓட்டத்துக்கு 4.5, அதைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு 3, முனைகளுக்கும் குழாய்க்கும் மீதி. 13, 14 என்று வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டியதுதான். கம்பி நாரைச் சுருட்டிச் செய்த டிஸ்ப்ளேசர் தண்ணீரை உறிஞ்சித் துருப்பிடிக்கும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை ஆகாது. அங்கே ஸ்கேலும் கணக்கும் போதும். அளந்து முடித்த பின் குழாயை வெயிலில் முற்றாகக் காய வைக்காமல் விளக்கை ஏற்றக் கூடாது. உள்ளே தங்கிய துளி ஆவியாகிக் குளிர் முனையில் படிந்து, அளவீடுகளையெல்லாம் பொய்யாக்கிவிடும்.

இடமும் சரி, கசிவும் இல்லை என்றால் டிஸ்ப்ளேசரின் உலோகத்தைப் பாருங்கள். குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிச் செய்வது வசதிதான். ஆனால் அலுமினியத்தின் வெப்பங்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 237 வாட், துருப்பிடிக்காத எஃகுக்கு 16-ஐ ஒட்டியே இருக்கும். சூட்டு முனையின் வெப்பத்தை அலுமினிய டிஸ்ப்ளேசர் தானே சுமந்துகொண்டு போய்க் குளிர் முனையில் இறக்கிவிடுகிறது. தண்டில் சுருட்டிய கம்பி நார் இதைவிடப் பல மடங்கு மேல், அதோடு போகும் காற்றின் சூட்டை வாங்கி வைத்துத் திரும்பி வரும்போது கொடுக்கவும் செய்கிறது.

பாதிச் சுற்று சுற்றித் திரும்பி வந்துவிடுகிறது

கையால் சுற்றிவிட்டால் உற்சாகமாகக் கிளம்பி, பிஸ்டன் வெளி ஓட்டத்தின் கடைசியை எட்டும்போது திணறி, வந்த வழியே திரும்பும் எஞ்சினில் பிஸ்டன் ஓட்டம் மிகையாக இருக்கிறது. காற்று விரிய முடிந்த அளவுக்கு மேல் பிஸ்டனை இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி அது பின்னோக்கி இழுக்கும். நடைமுறையில் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: சூட்டு முனைக்கும் குளிர் முனைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை 1100-ஆல் வகுத்தால், உள்ளிருக்கும் காற்றின் அளவில் எவ்வளவு பங்கைப் பிஸ்டன் கூட்டலாம் என்பது கிடைக்கும். சூடு 300 டிகிரி செல்சியஸ், குளிர் 80 என்றால் வேறுபாடு 220, அது 0.2. அதாவது 9 கனசென்டிமீட்டர் காற்றுக்கு 1.8-க்கு மேல் பிஸ்டன் ஆசைப்படக் கூடாது. 15 மில்லிமீட்டர் சிரிஞ்சில் 10 மில்லிமீட்டர் ஓட்டம் என்று தொடக்கத்தில் சொன்னது இந்தக் கணக்கில் வந்ததே. கிராங்கில் 5, 4, 3 மில்லிமீட்டர் தூரங்களில் வரிசையாகத் துளைகள் போட்டு வைத்துக்கொண்டால், புதுக் கிராங்க் செய்யாமலே ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

தண்டு நன்றாக நகர்கிறது, மாட்டினால் சுற்றவில்லை

இனி உராய்வைத் தேட வேண்டும். விளக்கை அணைத்து, குழாயையும் சிரிஞ்சையும் விடுவித்து, ஃப்ளைவீலை மட்டும் விரலால் சுண்டுங்கள். அது ஓசையின்றி நெடுநேரம் சுற்றி, எந்த இடத்திலும் ஒட்டாமல் ஓய வேண்டும். ஓயும் நேரத்தில் சற்றுப் பின்வாங்கிக் குறிப்பிட்ட சில இடங்களிலேயே நிற்கிறது என்றால் அது பேரிங்கின் குற்றமல்ல. ஹார்டு டிஸ்க்கின் சுழல் மோட்டாரை அப்படியே தூக்கி வைத்திருக்கிறீர்கள். உள்ளிருக்கும் காந்த வளையம் இரும்புப் பற்களைப் பிடித்து இழுக்கிறது. கம்பிச் சுருளோடு கூடிய இரும்புப் பகுதியை எடுத்துவிட்டால் இழுப்பு போய்விடும். பிந்திய கால ஹார்டு டிஸ்க்குகளில் குண்டு பேரிங்குக்குப் பதில் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பேரிங் இருக்கும். அதன் எண்ணெய் இழுவை இந்த எஞ்சினுக்குக் கூடுதல் சுமை. ஆகவே தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே ஹார்டு டிஸ்க்கில் எழுது-முனைக் கையைத் தாங்கும் சின்னஞ்சிறு பேரிங்கில் அவற்றை ஏற்றுவது உத்தமம். பழைய வீடியோ பிளேயரின் தலைப்பகுதி உருளை கையில் கிடைத்தால் அதன் பேரிங்கை விட்டுவிடாதீர்கள், அதற்கு ஈடு கிடையாது.

மற்றக் குண்டு பேரிங்குகளில் கெட்டியான கிரீஸ் அடைத்திருக்கும். மோட்டாரில் ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கான கிரீஸ் அது, இங்கே தடை. மூடித் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காய வைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் அந்த ஒரு சொட்டையும் விடாமல் காய வைத்த பேரிங்கை வைத்திருந்தால், உப்புக் காற்று விரைவிலேயே துருவேற்றிவிடும்.

பேரிங் தனியே சுழன்று, சட்டத்தில் பொருத்தியதும் இறுகினால், துளை சிறிதாக இருக்கிறது அல்லது இரண்டு பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது லேத் பட்டறைக்காரர் சட்டத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, “பேரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி, நீங்கதான் போட்டு நெரிச்சு வச்சிருக்கீங்க” என்றார். திருகைத் தளர்த்தியதும் சுழல்கிறதா என்று பார்ப்பதை அன்றிலிருந்து முதல் சோதனையாகவே வைத்திருக்கிறேன்.

ஃப்ளைவீல் தேறிய பின் டிஸ்ப்ளேசரை மாட்டிச் சுண்டுங்கள், பிறகு குழாயை மாட்டாமல் சிரிஞ்சை மாட்டிச் சுண்டுங்கள். எந்தப் படியில் சுழலும் நேரம் சட்டென்று விழுகிறதோ அங்கே கோளாறு. டிஸ்ப்ளேசர் எனில் அது கண்ணாடியை உரசுகிறது: குழாயைச் சுடரில் காட்டாமல் வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராகத் தெரிகிறதா என்று பாருங்கள். தண்டு எவ்வளவோ நேராக இருப்பதாகத் தோன்றினாலும் ஸ்போக்ஸ் கம்பி பெரும்பாலும் சற்று வளைந்தே இருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு துள்ளலில் தெரிந்துவிடும். சிரிஞ்சு எனில் கிராங்க் இழுக்கும் கோட்டில் அது இல்லை. அதைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டாமல், சற்றே ஆட விடுங்கள்.

சிரிஞ்சுக்கு எண்ணெய் மட்டும் விடக் கூடாது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையே எண்ணெய்ப் படலம் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிட்டில் துடைத்து உலர்த்தி, மென்மையான பென்சில் கரித்தூளை இலேசாகத் தேய்த்தால் போதுமானது.

முதலில் ஓடுகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

பொதுவாகக் குளிர் முனை சூடேறிவிட்டது. ஈரத் துணியைக் குளிர் முனை உலோகத்தில் சுற்றிப் பாருங்கள். வேகம் மீண்டால் நோய் உறுதி. தண்ணீர் சூடான கண்ணாடிப் பக்கம் வழிந்தால் விரிசல் விழும், அதில் எச்சரிக்கை தேவை. நிலையான தீர்வு, கணினியின் பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் துடுப்புக் கட்டியைக் குளிர் முனையில் இறுக்கமாகப் பொருத்துவது. இங்கே அலுமினியத்தின் அதே குணம் நமக்கு வேண்டியதாகிவிடுகிறது. மே மாதத்தில் அறையே 38, 40 டிகிரியில் கொதிக்கும்போது துடுப்பும் போதாது. அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிக் குளிர் முனையைச் சுற்றித் தொட்டியாக ஒட்டி, பானைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மார்கழியில் ஓடியது போல ஓடும்.

குளிர் முனை ஆறியே இருந்தும் நின்றால் மூக்கை நம்புங்கள். தீய்ந்த வாடையும், குழாயின் உட்சுவரில் மஞ்சள் படலமும் தெரிந்தால், டின்னின் உட்பூச்சு எரிந்து அதன் பிசுபிசுப்பு சிரிஞ்சு வரை போயிருக்கிறது. குளிர்பான டின்னானாலும் பவுடர் டின்னானாலும், டிஸ்ப்ளேசராக மாற்றும் முன் திறந்த வெளியில் தீயில் சுட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சை அகற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தை இப்படிச் சுடவே கூடாது, அந்தப் புகை நஞ்சு. ஈயம் வைத்துப் பற்றவைத்த டிஸ்ப்ளேசரும் இதே கட்டத்தில் கைவிடும். சாதாரண 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடுவதால் மூட்டு திறந்து உருளை கண்ணாடியில் சிக்கிக்கொள்கிறது. மூட்டை மடித்து அடிப்பதே நிற்கும்.

காலையில் ஓடியது, பிற்பகலில் ஓடவில்லை

கடற்கரை ஊர்க்காரர்களுக்கே உரிய கோளாறு இது. நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் ஸ்பிரிட் விளக்கின் சுடர் ஒருக்களித்து, குழாயின் நுனியை விட்டு நடுப்பகுதியை நக்கத் தொடங்கும். சுடர் பட வேண்டியது மூடிய முனையின் கடைசி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டுமே. பழைய பால்பவுடர் டின்னின் அடியில் காற்றுத் துளைகள் போட்டு, பக்கவாட்டில் குழாய் நுழைய ஒரு வெட்டு வெட்டிக் கூண்டாக வைத்தால் சுடர் நிமிர்ந்து நிற்கும். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று எண்ணி எரியும் விளக்கில் ஸ்பிரிட்டை ஊற்றுவது கையைச் சுடும் வழிகளில் முதன்மையானது. கையைக் கூண்டின் மேல் உயரத்தில் காட்டிச் சூடு இல்லை என்று அறிந்து, விளக்கு ஆறிய பிறகே நிரப்புங்கள்.

எதிர்த் திசையில் சுற்றுகிறது அல்லது தட்டுகிறது

திசையில் கோளாறே இல்லை. டிஸ்ப்ளேசரின் கிராங்க் பிஸ்டனின் கிராங்குக்கு 90 டிகிரி முன்னே செல்லும் திசையில்தான் எஞ்சின் ஓடும். மாற்ற விரும்பினால் ஒரு கிராங்கை 180 டிகிரி திருப்பிப் பொருத்துங்கள். இரண்டு திசையிலும் ஓட மறுத்தால் கோணம் 90-லிருந்து வெகுவாக நழுவியிருக்கும், கிராங்கின் திருகு வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டும் ஓசை ஒரு சுற்றுக்கு ஒருமுறை, கண்ணாடிப் பக்கத்திலிருந்து வந்தால் உடனே நிறுத்த வேண்டும். டிஸ்ப்ளேசர் முனையில் முட்டுகிறது. கம்பி சூட்டில் நீள்வதால் குளிர்ந்த நிலையில் இரு முனையிலும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். கிராங்க் பக்கத்து மெல்லிய கிளிக் ஓசை துளை தேய்ந்ததால் வருவது, அது அவசரமில்லை.

நன்றாகச் சுற்றுகிறது, பளு கொடுத்தால் நின்றுவிடுகிறது

சிடி பிளேயரின் குட்டி மோட்டாரை ரப்பர் வளையத்தால் இணைத்து எல்இடியை எரிய வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். அந்த மோட்டாரிலும் காந்த இழுப்பு உண்டு என்பதால், சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அதைச் சட்டென்று மாட்டினால் நின்றே தீரும். மோட்டாரை முன்பே மாட்டி, எல்இடியின் ஒரு கம்பியை மட்டும் விட்டு வைத்து, எஞ்சின் முழு வேகம் பிடித்த பின் அதைத் தொடுங்கள். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். வெள்ளைக்கு 3 வோல்ட்டை ஒட்டித் தேவைப்படுவதால் சிவப்பிலிருந்தே தொடங்குவது நல்லது. மோட்டாரின் அச்சு சிறியதாகவும் ஃப்ளைவீலின் விளிம்பு பெரிதாகவும் இருப்பதால் மோட்டார் பல மடங்கு வேகமாகச் சுற்றும். வெளிச்சம் வராவிட்டால் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எஞ்சின் திணறினால் மோட்டார் அச்சில் சற்றுப் பெரிய கப்பியைச் செருகுங்கள்.